கழித்துப் போட்ட மீட்டர் கேஜ் பெட்டியை ஊர் சேர்த்த கதை

நாங்கள் முதலில் பார்க்கப் போனபோது அந்த ரயில் பெட்டிக்குள் ஒரு வேப்பங்கன்று நின்றது. கழிவறை ஓரம் தரை ஓட்டையாகி, அந்த ஓட்டை வழியே முளைத்து, ஜன்னல் கம்பி உயரத்துக்கு வந்திருந்தது. ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் தடத்தை அகலப்பாதையாக மாற்றும் வேலை முடிந்து சுற்றிலும் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நடுவில் ஐம்பது மீட்டர் துண்டு மட்டும் மிச்சம். அதன் மேல் இரண்டு பெட்டிகள், எந்தப் பக்கமும் நகர வழியில்லாமல்.

நாங்கள் நாலு பேர், நாலு பேருக்கும் ரயில் கிறுக்கு. 2010 செப்டம்பரில் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் நின்றபோது கடைசி வாரம் போய் வந்தவர்கள். அந்தத் தடம் 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பிவிட்டது. ஆனால் நாங்கள் உட்கார்ந்து போன பெட்டிகள் எங்கே? 1992-ல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கியதிலிருந்து ஒய்.பி. நீராவி இன்ஜின், ஒய்.டி.எம்.-4 டீசல் இன்ஜினுக்கெல்லாம் அங்கங்கே மேடை கட்டி நிறுத்தினார்கள். பெட்டிகளைப் பெரும்பாலும் எடைக்குப் போட்டார்கள். இன்ஜினில் ஏறியது இரண்டு மூன்று பேர், பெட்டியில் ஏறியது ஊர் முழுக்க. ஒரு பெட்டியையாவது காப்பாற்ற வேண்டும் என்று அந்தக் கோபத்தில்தான் ஆரம்பித்தோம்.

தெரிந்த பள்ளி ஒன்று விளையாட்டுத் திடலின் மூலையைக் கொடுத்தது, நூலகமாக்கித் தர வேண்டும் என்ற பேச்சோடு. எழுத்தில் வாங்கிக்கொண்டோம். இடம் உறுதியாகாமல் பெட்டி தேடப் போகாதீர்கள். பெட்டி கிடைத்த பிறகு இடம் தேடினால் தரைவாடகை ஓட ஆரம்பித்துவிடும்.

கழித்த பெட்டிகள் ரயில்வேயின் ஐ.ஆர்.இ.பி.எஸ். தளத்தில் இணைய ஏலத்துக்கு வரும். பதிவு செய்து, டிஜிட்டல் கையொப்பம் வாங்கி, நாங்களும் உள்ளே போனோம். பார்த்தால் எல்லாம் லாட் லாட்டாக, மொத்தமாகத்தான் இருக்கிறது. ஒற்றைப் பெட்டி வேண்டும் என்பவனுக்கு அங்கே வேலை இல்லை. கடைசியில் அந்த இரண்டு பெட்டிகள் இருந்த லாட்டை எடுத்த பழைய இரும்பு வியாபாரியைப் பிடித்தோம். நல்ல மனிதர். அவருக்கு எல்லாமே டன் கணக்கு. "தம்பி, இதுல ஏறி எந்த ஊருக்குப் போகப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்ததும் சரி என்றார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நின்ற இடத்திலேயே வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையில் இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. எங்கள் லாட்டில் அது இல்லை. அதிர்ஷ்டம்தான்.

இரண்டில் எதை எடுப்பது? ஒன்றில் இருக்கைகள், விசிறிக் கூண்டுகள், சங்கிலி எல்லாம் அப்படியே இருந்தன, பெயிண்டும் பளிச். இன்னொன்று வேப்பங்கன்று நின்ற பெட்டி. பாதி இருக்கைப் பலகை களவு போயிருந்தது. எங்களுக்குச் சந்தேகமே இல்லை, முதல் பெட்டிதான்.

நல்ல வேளையாக, பொன்மலைப் பட்டறையில் பெட்டிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தோம். அவர் இருக்கைகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சின்னச் சுத்தியலோடு பெட்டிக்கு அடியில் படுத்துவிட்டார். பக்கவாட்டில் நீளமாக ஓடும் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். கழிவறைக்குக் கீழே வந்ததும் டொக். ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடிவரை உள்ளே போனது. "மேல சோறு, கீழ சேறு" என்று எழுந்து வந்துவிட்டார். வேப்பங்கன்றுப் பெட்டியில் தரைத் தகடு போயிருந்ததே தவிர, சட்டம் முழுக்க டங்தான். "தகடு மாத்தலாம் தம்பி. முதுகெலும்பு போனா என்ன பண்ணுவீங்க?"

ஐ.சி.எஃப்., அதாவது சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, செய்த பெட்டி எங்கே முதலில் சாகும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். 1955 அக்டோபர் 2-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, சுவிஸ் ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் முழு எஃகுப் பெட்டி செய்தது. கூரை, சுவர், தரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாகப் பாரம் சுமக்கிற கட்டமைப்பு. அதனால் ஓரிடத்தில் துரு தின்றால் அந்த இடத்தோடு போகாது, மொத்தக் கூடும் பலம் இழக்கும். தின்னும் இடமும் கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதான்: கழிவறைச் சுற்று, வாசல் ஓரம், சுவரும் தரையும் சேரும் மூலை. சும்மாவா, இருபத்தைந்து வருஷம் விழுந்த தண்ணீரும் மூத்திரமும்!

அடுத்தது தூக்குவது. கிரேன்காரரிடம் போனில் "ரெண்டு போகி இருக்கு" என்றேன். அவர் சொன்ன தொகையில் தலை சுற்றியது. நம் ஊரில் பெட்டியையே போகி என்போம். பட்டறையில் போகி என்றால் சக்கரங்கள் பூட்டிய அடிவண்டி. இரண்டு முழுப் பெட்டி தூக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார் அவர். அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம் ஆனது.

அண்ணன் கீழே புகுந்து வேக்குவம் பிரேக் கம்பிகளையும் டைனமோ பெல்ட்டையும் கழற்றினார், பெட்டியைப் போகியோடு சேர்க்கும் நடு முளையான பிவட்டை விடுவித்தார். அப்புறம் இரண்டு கிரேன்கள், குறுக்கே உத்தரம், அடியில் ஜாக்கி வைக்கும் நாலு இடங்களில் மட்டும் பிடி. வயிற்றைச் சுற்றிப் பெல்ட் போட்டுத் தூக்கினால் கூரை நசுங்கிவிடும். உடல் ஒரு தாழ்தள டிரெய்லரில், போகிகள் தனி லாரியில்.

உயரத்தைக் கவனமாகப் பார்த்திருந்தோம். மூங்கில் கழியோடு முந்தைய நாள் வழி முழுக்கப் போய், மின்கம்பி, நுழைவு ஆர்ச் எல்லாம் அளந்தாயிற்று. நீளத்தைக் கோட்டைவிட்டோம். பெட்டி மட்டுமே 64 அடி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளையார் கோவில் முக்கில் வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எதிர்க்கடைக்காரரை எழுப்பி, அவரே ஸ்பேனர் எடுத்து வந்து தன் கடையின் முன்கூரையைக் கழற்றித் தந்த பிறகுதான் விடிகாலையில் திரும்பியது. அந்தக் கூரையை மறுநாள் நாங்களே மாட்டிக் கொடுத்தோம்.

பள்ளியில் ஜல்லி கொட்டி, கட்டை போட்டு, ஒரு மீட்டர் இடைவெளியில் தண்டவாளம் பதித்து உட்கார வைத்தாகிவிட்டது. அங்கேதான் பெரிய தப்பைச் செய்தோம். திறப்பு விழா அவசரத்தில் துருவின் மேலேயே கருஞ்சிவப்பு பெயிண்ட் அடித்தோம். போட்டோவில் அப்படி ஒரு அழகு. ஐப்பசி மழை ஒன்று பெய்ததும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. உள்சுவர்ப் பலகையைக் கழற்றினால், பலகைக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஜாண் உயரத்துக்குக் கடலைத்தோல், தூசி, பீடித்துண்டு. எத்தனை வருஷப் பயணிகள் தின்று போட்டதோ! அத்தனையும் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரைப் பஞ்சுபோலக் குடித்துவைத்திருந்தது. துரு உள்ளேயிருந்து வந்துகொண்டிருக்க, நாங்கள் வெளியே பூசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து செய்தோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் பிள்ளைகள் இல்லாத விடுமுறையில், முகமூடி போட்டு, ஈரம் வைத்தே சுரண்டினோம். தரைத் தகடு புதிது. கூரைக் காற்றுப்போக்கிகளைச் சுற்றி அடைப்பு. கடைசியாக, முதலிலேயே செய்திருக்க வேண்டியது: பெட்டிக்கு மேல் ஒரு கொட்டகை. மொத்தச் செலவில் பெட்டியின் விலை சின்னப் பங்குதான். கொட்டகைக்கு அதைவிட அதிகம் ஆனது.

இப்போதும் யாராவது போன் செய்து மீட்டர் கேஜ் பெட்டி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் ஐ.சி.எஃப். வகைப் பெட்டி செய்வது 2018 ஜனவரியில் நின்றுவிட்டது, அதன் இடத்துக்கு வந்தது எல்.எச்.பி. என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டி. அதனால் நாம் அன்றாடம் போய்வந்த நீலப் பெட்டிகள் கழிவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. கொஞ்சம் கார் ஏற்றும் சரக்கு வண்டியாகிறது, கொஞ்சம் ரயில் நிலைய வாசலில் உணவகமாகிறது. உணவகத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு, நான் திட்டமாட்டேன். இருக்கையைப் பிடுங்கினாலும் துருவைக் கவனிக்க அங்கே ஆளும் காசும் இருக்கும். ஆனால் ஒரு சாதாரண இரண்டாம் வகுப்புப் பெட்டி, மரப்பலகை இருக்கையோடு, மாற்றாமல் எங்காவது நிற்க வேண்டும் என்றால் அதைத் தேட வேண்டிய நேரம் இதுதான்.

அந்த வேப்பங்கன்றை மண்ணோடு எடுத்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நட்டிருந்தோம். இப்போது கொட்டகைக்கு மேலே போய்விட்டது. அதன் இலை விழுந்து கொட்டகையின் தண்ணீர்த் தகரம் வருஷா வருஷம் அடைத்துக்கொள்கிறது. மழைக்கு முன்னால் யாராவது ஏறி வாரிக் கொட்ட வேண்டும். வெட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். போன மாதம் ஏறியது நான்.