பொம்மை டிராகனில் பெயின்டிங் பழகுங்கள்

மினியேச்சர் பெயின்டிங் (மேசை விளையாட்டில் வைக்கும் சிறு உருவங்களுக்கு நிறம் தீட்டுவது) கற்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது 28 மில்லிமீட்டர் அளவுப் போர்வீரன் உருவம்தான். கடுகளவு முகம், இழையளவு வாள்விளிம்பு. கை பழகுவதற்கு முன்பே மனம் விட்டுப்போகிறது. நான் பழகியது பொம்மைக் கடை டிராகன்களில். புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் அதையேதான் சொல்வேன். செதில், இறக்கை, கொம்பு, நகம், நாக்கு என்று ஒரே உடம்பில் எல்லாப் பாடமும் இருக்கிறது. அதுவும் தூரிகைக்கு வசதியான அளவில்.

பொம்மையை விளையாட்டு மேசையில் வைப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து வெளியிட்ட கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் தயாரான மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளையும் மேசையில் வைத்து ஆடினார். ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர் ஆகிய, அந்த ஆட்டத்தின் பெயர்பெற்ற மிருகங்கள் அந்தப் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை.

கடைக்குப் போகும்போது ஸ்கேல் கொண்டுபோங்கள். அந்த ஆட்டத்தில் உருவங்கள் நிற்கும் கட்டம் ஒன்று 1 அங்குலம்; கதையில் அது 5 அடி. ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பின்படி, இளம் டிராகன் இரண்டுக்கு இரண்டு கட்டத்திலும், வளர்ந்த டிராகன் மூன்றுக்கு மூன்று கட்டத்திலும் நிற்கும். மிக முதிர்ந்ததற்குக் குறைந்தது நான்குக்கு நான்கு கட்டம் வேண்டும். அளக்க வேண்டியது கால்கள் ஊன்றியிருக்கும் இடத்தை. இறக்கையும் வாலும் கட்டத்துக்கு வெளியே நீண்டால் பரவாயில்லை. அப்புறம் தலையைப் பாருங்கள், நிறத்தை அதுதான் முடிவு செய்யும். மூக்கின்மேல் ஒற்றைக் கொம்பு இருந்தால் நீல டிராகன். கொம்புகள் முன்னோக்கி வளைந்திருந்தால் கறுப்பு. பின்னோக்கி நீண்ட கொம்புகள் சிவப்புக்குப் பொருந்தும். ஆடுபவர்கள் அந்த நிறத்தைப் பார்த்ததுமே டிராகனின் வாயிலிருந்து மின்னல் வருமா, அமிலம் வருமா, நெருப்பு வருமா என்று ஊகிக்க வேண்டுமல்லவா? ஷ்லைக், பாப்போ, சஃபாரி போன்ற நிறுவனங்களின் டிராகன்களில் செதில்கள் நன்றாகச் செதுக்கப்பட்டிருக்கும். பெயின்டிங் பழக அதுதான் முக்கியம்.

அதிகம் கவனிக்க வேண்டியது பொம்மையின் பிளாஸ்டிக். இவற்றில் பல, வளையக்கூடிய மென்மையான பிவிசியால் ஆனவை. அந்த மென்மைக்காகச் சேர்த்த பொருள் மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். டப்பாவில் வரும் ஸ்ப்ரே பிரைமர் (நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பலவற்றிலுள்ள கரைப்பானோடு அது சேர்ந்தால், பெயின்ட் வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கலாம். அதனால் தூரிகையால் பூசும், தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் பிரைமரையே எடுங்கள். முதலில் வயிற்றின் அடியில் ஒரு சிறு இடத்தில் பூசி, மறுநாள் விரல் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் தொடரலாம்.

அதற்கு முன், பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு, பழைய பல்துலக்கியால் செதில் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவுங்கள். தொழிற்சாலை அச்சின் எண்ணெய் போனால்தான் பெயின்ட் பிடிக்கும். வளைந்துபோன இறக்கையைச் சூடான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே நிற்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் தெரியும் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்தால் மென்மையான பிவிசி நார்நாராகப் பிரியும். கூர்மையான கத்தியால் மெல்லியதாகச் சீவுவதே சரி.

இனி நிறம். வாலின் அடிப்பக்கத்தில் தொடங்கி மேலே வந்து, தலையைக் கடைசியில் தொடுங்கள். யாரும் பார்க்காத இடத்தில் கை பழகிவிட்டால், எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு வரும்போது நடுக்கம் இருக்காது. சிவப்பு டிராகன் என்றால், அடர்ந்த செம்பழுப்பைத் தண்ணீர் கலந்து மெல்லிய இரண்டு பூச்சாகக் கொடுங்கள். தடித்த ஒரே பூச்சு செதிலை மூடிவிடும். காய்ந்ததும் கரும்பழுப்பு வாஷ், அதாவது தண்ணீர்போல நீர்த்த நிறம். அது பள்ளங்களில் தேங்கி நிழலாகும். அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு டிரை பிரஷ்: தூரிகையில் பளிச்சென்ற சிவப்பை எடுத்து, காகிதத்தில் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் துளியைச் செதில் முனைகளில் மட்டும் உரசுங்கள். அடுத்த வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்க்க வேண்டாம், சிவப்பு ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சு சேருங்கள், நெருப்பின் சூடு தெரியும். செதில்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும் அந்தக் கட்டம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

இறக்கைச் சவ்வில் டிரை பிரஷ் வேண்டாம், கோடுகோடாகத் தெரியும். தண்ணீராகக் கரைத்த நிறத்தை எலும்போரம் அடர்த்தியாகவும் நடுவில் வெளிர்வாகவும் படிப்படியாகப் பூசுங்கள். பிறகு டிராகனை மேசையில் வைத்து ஒரு கை தூரத்திலிருந்து பாருங்கள். ஆட்டத்தில் தெரியப்போவது அந்தத் தூரத்துப் பார்வைதான். அங்கிருந்து கண்ணும் பல்லும் துலங்கினால் தூரிகையைக் கீழே வையுங்கள்.

விளையாடும் கைகள் பெயின்டை உரித்துவிடாமல் இருக்க முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், இரண்டும் தண்ணீர் அடிப்படையிலானவை. கண்ணிலும் நாக்கிலும் மட்டும் கடைசியில் ஒரு துளி பளபளப்பு வையுங்கள், ஈரம் போலத் தெரியும்.

முதல் டிராகனுக்குச் சிவப்போ பச்சையோ நல்லது. அடுத்து கறுப்பு, நீலச்சாம்பலைக் கொண்டு வெளிச்சம் ஏற்றப் பழகலாம். வெள்ளை டிராகனைக் கடைசிக்கு வையுங்கள். வெள்ளை பெயின்ட் அடிநிறத்தை எளிதில் மூடாது, திட்டுத்திட்டாகச் சுண்ணாம்பு போல நிற்கும். வெளிர் நீலச்சாம்பலில் தொடங்கிப் பல மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமை முந்தைய டிராகன்களில்தான் வரும்.