ஐந்து பேரும், அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேரும்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் 2023 மெர்குரி பரிசு வீடியோ கண்ணில் பட்டது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் பரிசு அது. ஐந்து பேர் கொண்ட லண்டன் குழு எஸ்ரா கலெக்டிவ் ஜெயித்த இரவு. அந்தப் பரிசை ஒரு ஜாஸ் குழு வாங்கியது அதுதான் முதல் தடவை.

குழுவின் டிரம்மர் ஃபெமி கொலியோசோ மைக்கைப் பிடிக்கிறார். ஆல்பத்தைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், சின்னப் பிள்ளைகள் இசை வாசிப்பதற்காகத் தங்கள் நேரத்தைக் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுகிறார்.

அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். சாப்பாடு ஆறிவிட்டது.

எஸ்ரா கலெக்டிவின் ஐவரும் ஒரு குழுவாகச் சேர்ந்தது லண்டனின் டுமாரோஸ் வாரியர்ஸில். இளையவர்களுக்கு ஜாஸ் பயிற்சி தரும் அமைப்பு. பாஸ் கலைஞர் கேரி கிராஸ்பியும் ஜனீன் அயன்ஸும் 1991-இல் தொடங்கியது. கறுப்பினப் பிள்ளைகள், பெண்கள், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். யாருக்கு ஜாஸ் வகுப்பின் கதவு எளிதில் திறக்காதோ, அவர்களுக்குத்தான் முதல் இடம். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது.

இன்று பேர் பெற்ற ஜாஸ் கலைஞர்களான நுபாயா கார்சியா, மோசஸ் பாய்ட், ஷபாகா ஹட்சிங்ஸ் எல்லாரும் அந்த வழியாக வந்தவர்களே.

கிராஸ்பிக்கு 2018-இல் பிரிட்டன் அரசியின் இசைப் பதக்கம் கிடைத்தது. சரி, நியாயம்தான். ஆனால் எனக்கு அயன்ஸ் மேல்தான் அதிக வியப்பு. இலவசம் என்று அறிவிப்பது சுலபம். முப்பது வருஷத்துக்கும் மேலாக அதை இலவசமாகவே வைத்திருக்க, யாரோ ஒருவர் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை.

நம் சபாக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு கேள்வி: உங்கள் மேடையில் பதினாறு வயதுக்காரருக்கு எந்த நேரம் ஒதுக்குகிறீர்கள்? மதியம் பன்னிரண்டு மணியா?