பங்குனி வாரமும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்

பங்குனி பிறந்ததும் எங்கள் பள்ளி வளாகத்துப் புங்கமரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் பளபளக்கும் தளிர்களால் நிறைந்துவிடுகிறது. வேம்பும் பூக்கத் தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் நான் ஆவலோடு காத்திருக்கும் பாடவாரம் இந்த நாட்களில்தான் வருகிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து படிக்கும் எங்களுடையதைப் போன்ற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், அனைவருக்கும் பொதுவான பாடப்பொருள் கிடைப்பது எளிதன்று. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துப் பயிற்சி தருகிறது. அந்தப் பிரிவு தேவையானது என்றே கருதுகிறேன். ஆனால் பிரிந்து படிக்கும் பிள்ளைகள் கூடிப் பேசவும் ஏதேனும் ஒன்று வேண்டும். இவ்வாண்டு அதைத் தந்தது, காலை உணவு சமைக்கும் கூடத்தின் அருகே நிற்கும் கறிவேப்பிலைச் செடி.

அதன் ஒரு கிளையில் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இருந்தன. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றின் இலைகளைத் தின்று வளரும் இப்புழு, சிறியதாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையும் கலந்து பறவை எச்சத்தைப் போலவே தோன்றுவதால், இரை தேடும் பறவைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சாம்பாருக்குக் கறிவேப்பிலை பறிக்க வந்த சமையல் அக்காவிடம் அந்தக் கிளையை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டேன். “அதுக்கென்ன டீச்சர், பிள்ளைங்க பார்க்கட்டும், நான் அந்தப் பக்கமே போகல” என்று சொன்னவர், வாரம் முழுவதும் அப்படியே காத்தார்.

செடியருகே அழைத்துச் செல்வதற்கு முன், திங்கட்கிழமை காலையில் ஒரு புழுவை வரையச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் பெரிய கண்களும் சிரித்த வாயும் உள்ள புழுக்களே இருந்தன. படப்புத்தகங்களிலிருந்து கற்ற புழு அது. நான் எதையும் திருத்தவில்லை. நேரில் பார்த்தபோது சிலர் பின்வாங்கினார்கள், ஏனெனில் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டு உடம்பெல்லாம் அரித்த அனுபவம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்டு. இதற்கு அந்த முடிகள் இல்லை என்பதை அவர்களே கவனித்துச் சொல்லும்வரை காத்திருந்தோம். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டதும், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்கைப் போலப் பிளவுபட்ட ஓர் உறுப்பை நீட்டிக் கடுமையான வாடையை வெளிவிட்டது. “டீச்சர், கோபம் வந்துடுச்சு” என்றான் ஒருவன். எதிரியை விரட்டும் வழி அது என்று விளக்கினேன்; அதன் பிறகு ஒருவரும் அதைத் தொடக் கேட்கவில்லை.

கணக்கும் அங்கேயே நடந்தது. புழுவின் நீளத்துக்கு நூலைப் பிடித்து, வெட்டி, அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். அந்த நூல் துண்டுகளை நாள்வாரியாக அட்டையில் ஒட்டியபோது, எண்களை இன்னும் சரளமாகப் படிக்காத முதல் வகுப்புப் பிள்ளைகளும் வளர்ச்சியைக் கண்ணால் படித்தார்கள். ஒரு கொத்தில் இருந்த சிற்றிலைகளையும் மறுநாள் எஞ்சியவற்றையும் எண்ணிக் கழித்தல் போட்டார்கள். அரும்பு நிலையினர் எழுத்தட்டைகளை அடுக்கி ‘இலை’, ‘புழு’ என்ற சொற்களை அமைத்தார்கள்.

புதன்கிழமை, பெரிய புழு ஒன்று தோலுரித்துப் பச்சை நிறத்துக்கு மாறியிருந்தது. மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “நேற்று எச்சம் போல இருந்தது. இன்று இலை போல இருக்கிறது” என்று எழுதினாள். இறந்தகாலமும் நிகழ்காலமும் கரும்பலகையில் பலமுறை நடத்திய பாடங்கள்தாம்; ஆயினும் சொல்வதற்கென ஒரு செய்தி கையில் இருக்கும்போது காலங்கள் தாமாகவே சரியான இடத்தில் வந்து அமர்கின்றன. இவ்வயதில் எழுத்துப் பயிற்சிக்கு முன் பார்க்கும் பயிற்சி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அன்று மீண்டும் வரையச் சொன்னபோது, சிரித்த வாய்கள் பெரும்பாலும் மறைந்து, உடலின் வளையங்களும் சாய்வான கோடுகளும் தாள்களில் வந்திருந்தன. சிலர் இலையின் கடிபட்ட ஓரத்தைக்கூட விடவில்லை.

வியாழனன்று சிறிய புழுக்களில் ஒன்றைக் காணவில்லை. எறும்பு தூக்கிப்போயிருக்கலாம், குளவி கொண்டுபோயிருக்கலாம் என்று பிள்ளைகள் வாதிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்பதால், அட்டையில் அந்த இடத்தில் ‘காணவில்லை’ என்று மட்டும் எழுத முடிவு செய்தோம். ஏழு வயதில் ஊகத்தையும் கண்டதையும் பிரித்து எழுதுவது சிறிய செயலன்று. அவ்வாரத்தில் எனக்கு மிகுந்த நிறைவளித்த வரி அதுதான்.

வெள்ளிக்கிழமை பெரிய புழு தண்டில் பட்டிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும் நிலையில் இருந்தது. வண்ணத்துப்பூச்சி வெளிவர இன்னும் ஒரு வாரத்துக்கு மேலாகும். எந்நாளில் வரும் என்று ஒவ்வொருவரும் தம் கணிப்பை நாட்காட்டியில் குறித்திருக்கிறார்கள். வரும் திங்கள் முதல் நாட்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்குகளை அந்த நாட்காட்டியைக் கொண்டே நடத்தப் போகிறேன்.