சயாம் பேச்சு

ஜனவரி 3
கோயில் மண்டபத்துக்கு நேதாஜி பெயராம். அவர் பிறந்தநாளான 23ஆம் தேதி திறப்பு. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் முழுக்க நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 4
அம்மாவுக்குச் சளி. கஞ்சி மட்டும்.

ஜனவரி 6
யாரோ சொல்லிவிட்டார்கள். பசியாற உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளினார். "சப்பான்காரன்கூட நின்னவருக்கு நம்ம கோயில்லயா?" 1943இல் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் தாத்தாவைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துப் போனபோது அம்மா கைக்குழந்தை. தோட்டத்துக் கங்காணியான தண்டல் பெயர் கூப்பிட்டாராம், லோரி வந்ததாம், அவ்வளவுதான். செத்த தேதி தெரியாததால் பாட்டி ஆடி அமாவாசைக்குத்தான் படைப்பார்.

ஜனவரி 9
கோயில் கூட்டம். "நேதாஜியோட ஐ.என்.ஏ. படையில சேர்ந்ததாலதான் எங்க தாத்தா சயாமுக்குப் போகாம தப்பிச்சாரு" என்றார் ஒட்டுக்கடை அண்ணன். அவர் பாட்டி ஐ.என்.ஏ.யின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் இருந்தவர். ரப்பர் பால் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது. அதை நான் எங்கே மறுத்தேன்? செயலாளர், "பழசைக் கிளறாதீங்க" என்கிறார். நேதாஜி என்ன, போன வருடத்து ஆளா?

ஜனவரி 10
தூக்கமில்லை. அந்த ரயில் பாதையின் இரண்டு பக்கத் தண்டவாளமும் வந்து இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அக்டோபர் 21. நாலே நாள் இடைவெளி. அவருக்கு எவ்வளவு தெரியும்? தெரிந்திருந்தால் ஜப்பானியரிடம் கேட்டிருக்க முடியுமா? பாதை 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வெட்டிய புல்லோடு. நம் ஆட்களைக் கும்பலாகப் புதைத்தார்கள்.

ஜனவரி 12
மனு எழுதினேன். நேதாஜி பெயர் இருக்கட்டும், சயாமுக்குப் போன நம் தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பலகையும் வாசலில் வேண்டும். பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. நான் நேதாஜிக்கு எதிரியாம். அவருடைய மாமாவும் சயாமில் போனவர்தான்!

ஜனவரி 14
பொங்கல் வேலை.

ஜனவரி 16
பாட்டி சொன்ன பெயர்களை அம்மாவிடம் கேட்டு எழுதினேன். கறுப்பாயி புருஷன். மண்டோர் மச்சான். கடைசி லயத்துக் கூத்துக்காரர், அவர் தம்பி. இதை எப்படிக் கல்லில் வெட்டச் சொல்வது? வெட்டினால்தான் என்ன?

ஜனவரி 18
மனுவை எடுக்கவே இல்லையாம். வாசலில் இடமில்லையாம். அங்கே நன்கொடையாளர் பலகை வருகிறது, 500 வெள்ளிக்கு மேல் கொடுத்தவர்களுக்கு. எரிச்சலில் இதை அம்மாவிடம் கொட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "500 கொடுத்தா எங்கப்பா பேரைப் போடுவாங்களா?" என்று கேட்டார்.

ஜனவரி 19
பணத்தை எடுத்து வைத்துவிட்டார். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. காசு கொடுத்தா வாங்குவது? ஆனால் இருமிக்கொண்டே தாத்தாவின் முழுப் பெயரை ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார், ஊர்ப் பெயரோடு. செயலாளரைச் சாயங்காலம் பார்க்க வேண்டும். ரசீதை அந்தப் பெயரிலேயே