அலாட்மெண்ட் நிலம்: நட முடிகிற அளவை மட்டும் திறவுங்கள், மீதியை மூடுங்கள்

பிரிட்டனில் பெயர் பதிந்து காத்திருந்து வாங்கும் அலாட்மெண்ட், அதாவது காய்கறி போட வாடகைக்குக் கிடைக்கும் நிலத்துண்டு, பெரும்பாலும் காடாகத்தான் கைக்கு வரும். முன்பு வைத்திருந்தவர் ஒரு கோடை எட்டிப் பார்க்காமல் விட்டாலே போதும். இடுப்பளவு புல், அதற்குள் பிராம்பிள் என்ற முட்புதர், அதற்கும் அடியில் உடைந்த கண்ணாடி. முழு நிலம் என்பது பழைய நில அளவில் 10 ராட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். இப்போது பல இடங்களில் அதில் பாதியைத்தான் கொடுக்கிறார்கள். வேலைக்கும் போய்க்கொண்டு வார இறுதியில் மட்டும் வருபவருக்கு அந்தப் பாதியே தாராளம்.

சாவி கிடைத்ததும் முழுவதையும் கொத்திப் புரட்டிவிடத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். கொத்தித் திறந்துபோட்ட மண்ணில், ஆண்டுக்கணக்கில் புதைந்து கிடந்த களைவிதைகள் வெளிச்சம் பட்டவுடன் முளைக்கும். அறுந்த வேர்த்துண்டுகளும் துளிர்க்கும். நீங்கள் ஒரு மூலையில் நட்டுக்கொண்டிருக்கும்போதே மறு மூலை பச்சையாகிவிடும். இந்தப் பருவத்தில் எத்தனை பாத்தி நட முடியுமோ அத்தனையைத் திறவுங்கள், மற்றதற்கு வெளிச்சம் போகாமல் மூடுங்கள். முதலாண்டில் கால்வாசி நிலத்தில் விளைந்தால் அது நல்ல ஆண்டு.

கருவியைத் தொடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கொட்டகை போடலாமா, ஹோஸ் பைப் பிடிக்கலாமா, எந்த மாதங்களில் தீ மூட்டலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். பிறகு தடித்த கையுறையோடு நிலத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு கிடந்தால் உடைக்காமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். வேகமாகப் பரவும் களையான ஜப்பானிய நாட்வீட் நின்றாலும் அப்படியே. அதை வெட்டிக் குப்பையில் போடவே கூடாது. புல்லடியில் பளபளப்பாக ஸ்லோ வோர்ம் தென்பட்டால் அது பாம்பல்ல, காலில்லாப் பல்லி. சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர், ஓடில்லா நத்தைகளைத் தின்னும் நண்பனும்கூட.

புல்லை ஒரே வெட்டில் தரைமட்டமாக்காமல் இரண்டு கட்டமாக இறக்குங்கள். உள்ளே இருக்கும் உயிர்கள் விலக நேரம் கிடைக்கும், மறைந்திருக்கும் கம்பியும் கண்ணுக்குத் தெரியும். பிராம்பிளின் தண்டை 30 செ.மீ. விட்டு வெட்டினால் அதுவே பிடியாகிவிடும். அடியில் இருக்கும் வேர்முண்டைச் சுற்றித் தோண்டிப் பிடுங்குங்கள். முண்டு வந்துவிட்டால் போதும், பக்க வேர்களைத் தேடி அலைய வேண்டாம்.

களையெடுப்பது என்பது அந்தந்த வேரைத் தெரிந்துகொள்வதுதான். டாக் செடிக்கு நேராக இறங்கும் ஆணிவேர். மேல் 15 செ.மீ. வந்துவிட்டால் அடியில் தங்குவது துளிர்க்காது. நெட்டிலுக்கு மஞ்சள் நிற வேர், மேலாக ஓடுவது. நம்மூர்க் காஞ்சொறியைப்போல் அரிக்கும் என்பதைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை. கௌச் புல்லின் வெள்ளைத் தண்டு நுனி கூராக மண்ணுக்குள் படுக்கைவாட்டில் ஓடும். அதை மண்வெட்டியால் கொத்தினால் ஒவ்வொரு கணுவும் தனிச் செடி. முட்கள் கொண்ட தோட்ட ஃபோர்க்கை இறக்கி மண்ணைத் தளர்த்தி, இழுக்காமல் கையால் பின்தொடர்ந்து முழு நீளமாக எடுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு அரை மணி நேரம் ஆனாலும் அது வீண் நேரமல்ல.

பைண்ட்வீட் வேறு வகை. தடித்த வெள்ளை வேர், தொட்டாலே ஒடியும், ஆழம் அதிகம். ஒரே முறையில் எடுத்து முடிக்க முடியாது. தலை காட்டும்போதெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்தால் வேரில் சேர்த்த சத்து தீர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் தளரும். மேர்ஸ் டெயிலின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகும். அதைத் தோண்டித் தீர்த்துவிடலாம் என்ற எண்ணத்தையே விடுங்கள். வாரந்தோறும் மேலே கிள்ளுவதும், நெருக்கமாக நட்டு நிழல் கட்டுவதும்தான் வழி. கௌச், பைண்ட்வீட், மேர்ஸ் டெயில் மூன்றின் வேரையும் அப்படியே கம்போஸ்டில் போடக் கூடாது. வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து மூடி, ஒரு மாதத்துக்கு மேல் நன்றாக அழுகிய பிறகு போடலாம். நாற்றம் கடுமையாக இருக்கும்.

வாடகைக்கு ரோட்டவேட்டர் என்ற மண் கிளறும் இயந்திரம் எடுத்து ஓட்டலாமா என்று புதியவர்கள் தவறாமல் கேட்பார்கள். மாலையில் பார்க்க அழகான நிலமாக இருக்கும். ஆனால் அந்தக் கத்திகள் ஒரு கௌச் தண்டை இருபது துண்டாக நறுக்கி நிலம் முழுக்கப் பரப்பியிருக்கும். வேர்க்களை இல்லாத மண்ணுக்கு மட்டுமே அந்த இயந்திரம்.

மூடுவதற்கு இரண்டு வழிகள். உடனே நட வேண்டிய இடத்துக்கு அட்டை: ஒட்டுநாடாவையும் ஸ்டேப்பிளையும் நீக்கி, ஓரங்கள் 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, மேலே 10 முதல் 15 செ.மீ. கம்போஸ்ட். இடைவெளி விட்டால் அந்த வழியாகத்தான் கௌச் வரும். 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளப் பாத்திக்கு 10 செ.மீ. போடவே 360 லிட்டர் வேண்டும். மூட்டை மூட்டையாக வாங்கினால் கட்டுப்படியாகாது, மொத்தமாக இறக்குங்கள். உடனே தேவைப்படாத இடத்துக்குக் கனமான கறுப்பு பிளாஸ்டிக். ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து, வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஒரு முழு வளர்பருவம் எடுக்கவே கூடாது. பழைய கார்ப்பெட் வேண்டாம். செயற்கை இழைகள் உதிர்ந்து மண்ணில் கலக்கும், களைவேர் அதனோடு பின்னிக்கொள்ளும். பல இடங்களில் தடையும் உண்டு.

பாத்தி அகலம் 1.2 மீட்டருக்கு மேல் போனால் இரு பக்கமிருந்தும் கை எட்டாது, காலை உள்ளே வைப்பீர்கள். லண்டன் களிமண்ணில் ஈரத்தோடு ஒரு முறை மிதித்த இடம் கோடையில் செங்கல்லாகும். மண் பூட்ஸில் ஒட்டினால் அன்று தோண்டாதீர்கள்.

குதிரை லத்தி பல இடங்களில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு சோதனை இல்லாமல் போடக் கூடாது. மேய்ச்சல் நிலத்தில் தெளிக்கும் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி புல், குதிரை, லத்தி எல்லாவற்றையும் தாண்டி அழியாமல் வரும். அது கலந்த மண்ணில் தக்காளி, பீன்ஸ், உருளைக்கிழங்கின் இளம் இலைகள் சுருண்டு ஃபெர்ன்போல் முறுக்கும். உரத்தையும் கம்போஸ்டையும் சரிபாதி கலந்த தொட்டியில் பிராட் பீன்ஸ் ஊன்றுங்கள். வெறும் கம்போஸ்டில் இன்னொரு தொட்டி. நான்கு வாரத்தில் இரண்டும் ஒன்றுபோல் வளர்ந்தால் அந்த உரத்தை நம்பலாம்.

முதலாண்டுக்கு உருளைக்கிழங்கு நல்ல துணை. அது மண்ணைச் சுத்தம் செய்யும் என்பார்கள். உண்மையில் சுத்தம் செய்வது நடுவதற்கும் மண் அணைப்பதற்கும் அகழ்வதற்கும் நாம் கிளறுவதுதான். முன்பருவ வகைகளை மார்ச் கடைசியில் 12 செ.மீ. ஆழத்தில், 30 செ.மீ. இடைவெளியில், வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விட்டு நடுங்கள். ஜூலைக்குப் பிறகு வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் கருகல் நோய் வரும். இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் இலையடியைப் பாருங்கள். புள்ளி பரவத் தொடங்கினால் செடியைத் தரையோடு அறுத்து அகற்றி, இரண்டு வாரம் கழித்துக் கிழங்கை எடுங்கள்.

பூசணியும் கோர்ஜெட்டும் (சுக்கினி) பிளாஸ்டிக்கில் சிலுவையாகக் கீறி நட ஏற்றவை, 90 செ.மீ. இடைவெளி. தெற்கு இங்கிலாந்தில் உறைபனி மே நடுப்பகுதி வரை வரும், வடக்கில் ஜூன் தொடக்கம் வரை. ஏப்ரல் வெயிலை நம்பி நாற்றை வெளியே வைப்பவர்கள்தான் மே மாதம் திரும்பவும் விதை வாங்குவார்கள்.

நம் காய்களில் எது வரும்? தண்டுக்கீரையும் வெந்தயக்கீரையும் ஜூனில் விதைத்தால் நன்றாகவே வரும். கொத்தமல்லி நீண்ட பகலில் சீக்கிரம் பூத்துவிடும். ஆகஸ்டில் விதைப்பது மேல். பாகல், புடலைக்குப் பாலிடனல் (பிளாஸ்டிக் கூடாரம்) வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொடி காடாகப் படரும், பூவே வராது. அந்த வகைகள் பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல். செப்டம்பரில் மொட்டு வைக்கும்போது குளிர் முந்திக்கொள்ளும். பதிலுக்கு ரன்னர் பீன்ஸ் போடுங்கள்.

ஓடில்லா நத்தைக்கு மெட்டல்டிஹைட் மருந்து 2022 ஏப்ரல் முதல் தடை. ஃபெரிக் பாஸ்பேட் குருணையை மெல்லியதாகத் தூவலாம், குவிக்க வேண்டாம். முட்டைக்கோஸ், கேல் எல்லாவற்றுக்கும் புறா வலை கட்டாயம். வேர் வீங்கிச் செடி பகலில் வாடினால் அது கிளப்ரூட் என்ற நோய். மண்ணில் இருபது ஆண்டுவரை தங்கும். சுண்ணாம்பிட்டு பிஎச் 7-க்கு மேல் ஏற்றினால் அடங்கும், ஒழியாது. பக்கத்து நிலத்து நாற்றை அன்போடு கொடுத்தாலும் முட்டைக்கோஸ் குடும்பச் செடியை மட்டும் வாங்காதீர்கள், பூட்ஸையும் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.

செப்டம்பரில் காலியாகும் பாத்தியை அன்றே மூடுங்கள். அக்டோபரில் பிளாஸ்டிக்கின் ஒரு பட்டையைச் சுருட்டினால் அடியில் இருப்பது பெரும்பாலும் மட்கிய புல்லாகவே இருக்கும். மிஞ்சிய வெளிறிய வேர்களை ஃபோர்க்கால் எடுத்துவிட்டுப் பூண்டுப் பற்களை 15 செ.மீ.க்கு ஒன்றாக, நுனி மண்ணுக்குள் மறையும்படி ஊன்றுங்கள். சுருட்டிய பிளாஸ்டிக்கை அடுத்த பட்டைக்கு நகர்த்துங்கள்.