பிரிண்ட் இருட்டாக வந்தால் முதலில் மானிட்டரைக் கவனியுங்கள்

கல்யாண ஆல்பத்தைக் கையில் கொடுத்ததும் பெண் வீட்டார் கேட்பது, "கம்ப்யூட்டர்ல பளிச்சுனு இருந்துச்சே தம்பி, இதுல ஏன் டல்லா இருக்கு?" திட்டு விழுவது பிரிண்ட் போடும் லேபுக்கு.

என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் இது நிறத்தின் சிக்கலே இல்லை. மானிட்டர் தானே ஒளி விடுகிறது. தாள் தன்மேல் விழுவதைத் திருப்பித் தருவதோடு சரி. புது மானிட்டர்கள் பலவும் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை எரியும். அந்த வெளிச்சத்தில் எடிட் செய்தால், இருட்டாக இருக்கும் படம்கூட சரியாக இருப்பதாகவே தோன்றும். நான் 100 நிட்ஸை ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்க அழுதுவடியும், பிறகு பழகிவிடும். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் காலிப்ரேட்டர் கருவி இருந்தால், அதோடு வெள்ளையின் சாயலை 6500 கெல்வினிலும், நடுத்தர வெளிச்சத்தை முடிவு செய்யும் காமாவை 2.2-லும் வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் வெற்றுத் தாளைப் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்துவிட்டு!

ஃபைலை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற அமைப்பில் அனுப்புங்கள். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் அனுப்பி, ஃபைலோடு போகும் நிறக்குறிப்பை (புரொஃபைல்) லேப் கண்டுகொள்ளாமல் அடித்தால், பட்டுப்புடவை பலமுறை துவைத்ததுபோல் வெளிறிவிடும். "கரெக்‌ஷன் வேண்டாம்" என்றும் எழுதிக் கொடுங்கள். சில லேப்களில் மாநிறப் பெண்ணைக் கேட்காமலே வெளுப்பாக்கி விடுகிறார்கள். எனக்கு இதைவிட எரிச்சல் தருவது வேறில்லை. வந்த பிரிண்டை மண்டபத்து மஞ்சள் பல்புக்கு அடியில் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் அடங்காத ஒன்று உண்டு: ரிசப்ஷன் மேடையின் நீல எல்இடி. திரையில் மின்னும் அந்த நீலம் தாளால் எட்ட முடியாத நிறம். மங்கிப்போய், சிலசமயம் ஊதாவாகவே வரும். லேபிடம் அவர்கள் பிரிண்டரும் தாளும் நிறத்தை எப்படித் தரும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைல் ஃபைலை வாங்கி, போட்டோஷாப்பில் பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் வைத்து, தாளுக்கு எட்டாத நிறங்களைச் சாம்பலாகக் காட்டும் கேமட் வார்னிங்கைப் போட்டுப் பாருங்கள். மேடையில் பாதி சாம்பலாகிவிடும். அங்கே சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) குறைத்து, தாளில் எப்படி வரும் என்பதை வாடிக்கையாளருக்கு அப்போதே காட்டிவிடுவேன். இப்போதெல்லாம் இன்னொன்றும் செய்கிறேன்: குடும்பப் படங்கள் எடுக்கும் அரைமணி நேரம் மட்டும் நீலத்தை அணைத்து வெள்ளையைப் போடச் சொல்லி லைட்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறேன்.