தெள்ளும் உண்ணியும் ஒன்றல்ல

எங்கள் தோட்டத்து லயங்களில் நாயின் மேல் எது ஊர்ந்தாலும் அதற்கு உண்ணி என்றே பெயர். காதோரத்தில் பயறு போல ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து உப்புவதுதான் உண்ணி; மயிருக்குள் விரைந்தோடி, பிடிக்கப் போனால் துள்ளி மறைகிற தட்டையான பழுப்புப் பூச்சி தெள்ளு. இவை கொண்டுவரும் நோய்களும் வேறு வேறு என்பது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்து சேரும் வரை எனக்கும் தெரியாது.

செம்பனை மரத்தடியில் கிடந்த அந்தக் குட்டியைத் தூக்கி வந்தவன் நான்காம் ஆண்டில் படிக்கும் என் தம்பி மகன். விளையாட்டில் அது அவன் கையைப் பிறாண்டியதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து, "அத்தை, இங்க வலிக்குது" என்று அக்குளைக் காட்டினான். நெறி கட்டி, எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்தார். வீக்கம் வற்றாததால் கிளினிக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் கையிலிருந்த பழைய கீறலைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறதா என்பதுதான்.

பூனைக்கீறல் நோய் 1950இல் பிரான்சில் விவரிக்கப்பட்டது. ஆனால் அதற்குக் காரணமான பார்ட்டொனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியா 1992இல்தான் அடையாளம் காணப்பட்டது. கீறியது பூனையே என்றாலும் நோயின் வேர் தெள்ளிடம் இருக்கிறது. நோயுள்ள பூனையின் இரத்தத்தைக் குடித்த தெள்ளின் குடலில் இந்தக் கிருமி பெருகி, அதன் எச்சத்தோடு வெளியேறிப் பூனையின் மயிரில் பல நாட்கள் உயிரோடு தங்குகிறது. அரிப்பெடுத்துச் சொறியும் பூனையின் நகத்தடியில் அந்த எச்சம் சேர்ந்துகொள்ள, அதே நகம் பிள்ளையின் தோலைக் கீறும்போது கிருமி உள்ளே போகிறது. குட்டியோ பல மாதங்கள் இரத்தத்தில் கிருமியைச் சுமந்தபடி ஒரு குறையும் காட்டாமல் ஓடித் திரியும். ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளிடமே இது மிகுதி. நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கு வீக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானே வற்றிவிடும். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கே ஆபத்து அதிகம். நாய்களுக்கு இந்தக் குடும்பத்துக் கிருமிகள் சில வேளைகளில் இதய வால்வையே தாக்குகின்றன.

தெள்ளு பரப்பும் காய்ச்சல் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளெட்சரும் லெஸ்லரும், நகரத்துக் கடைகளில் வேலை செய்தவர்களுக்கு வந்த டைஃபஸ் என்னும் கடுங்காய்ச்சலையும் தோட்டங்களிலும் புதர்க்காட்டிலும் உழைத்தவர்களுக்கு வந்த டைஃபசையும் பிரித்துக் காட்டினார்கள். முன்னதைப் பரப்பியது எலித்தெள்ளு என்றும், பின்னதைப் பரப்பியது புதரிலுள்ள நுண்ணிய சிற்றுண்ணி என்றும் பின்னர் தெளிவாயிற்று. அக்காலத்துத் தோட்டத் தொழிலாளிகளுக்கு இரண்டும் வெறும் காய்ச்சலாகவே இருந்திருக்கும். எலித்தெள்ளு பரப்பிய ரிக்கெட்சியா டைஃபி என்ற கிருமியைப் பூனைத்தெள்ளும் சுமக்கக்கூடும். நாய், பூனை இரண்டின் மேலும் உலகெங்கும் வாழும் அந்தப் பூனைத்தெள்ளே ரிக்கெட்சியா ஃபெலிஸ் என்ற மற்றொரு கிருமிக்கும் இருப்பிடம்.

எங்கள் முதல் தவறு, பூனையை மட்டும் குளிப்பாட்டிவிட்டு நிம்மதியாக இருந்ததுதான். விலங்கின் மேல் நாம் காணும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் 5 விழுக்காடு அளவே. முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய மற்ற அனைத்தும் பாய்க்கடியிலும் மெத்தை மடிப்பிலும் சிமெண்டுத் தரையின் வெடிப்பிலும் இருக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் காத்திருந்து, மிதிபடும் அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் தெரிந்தவுடன் வெளிவரும். நெடுநாள் பூட்டிக் கிடந்த லயத்து வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கணுக்காலில் சுருக்கென்று கடிப்பதை என் பாட்டி பேய் வேலை என்பார். ஆண்டு முழுவதும் வெயிலும் ஈரமும் சேர்ந்தே இருக்கும் நம் ஊரில் இந்தப் பூச்சிக்கு ஓய்வுக் காலமும் கிடையாது.

இரண்டாவது தவறு இன்னும் மோசமாக முடிந்திருக்கும். நாய்க்கென்று கடையில் வாங்கி வந்த சொட்டு மருந்தை, குட்டிக்கும் கொஞ்சம் விடலாம் என்று கடைக்காரரே சொல்ல, தம்பி மூடியைத் திறந்தேவிட்டான். அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்ததைத் தற்செயலாகப் படித்ததால் தப்பித்தோம். நாய்க்கு ஒத்துக்கொள்ளும் இந்த மருந்தைப் பூனையின் கல்லீரலால் போதிய வேகத்தில் சிதைத்து வெளியேற்ற இயலாது. நடுக்கமும் வலிப்பும் கண்டு பூனை செத்துப்போகவும் கூடும்.

பிறகு பார்த்த கால்நடை மருத்துவர், எடைக்கேற்ற மருந்தை வீட்டு விலங்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட்டு, மாதந்தோறும் தொடரச் சொன்னார். குட்டிக்குக் கிருமிக்கான மாத்திரை எதையும் தரவில்லை. நோய்க்குறி இல்லாத பூனைக்கு அது தேவையில்லை என்றார். பாய்களைச் சுடுநீரில் அலசி வெயிலில் போடவும், தரை வெடிப்புகளைப் பூசவும், குட்டியின் நகத்தை வெட்டவும், பிறாண்டினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவவும் சொன்னார்.

வாரம் ஒருமுறை பூனையைச் சீவி, உதிர்கிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்க்கிறேன். மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சமானால், அது குடித்த இரத்தம் செம்பழுப்பாகக் கசியும். முதல் மாதம் தாள் முழுவதும் கசிந்தது. மூன்றாம் மாதம் ஒரே ஒரு புள்ளி. தம்பி மகனின் அக்குளில் இப்போது தடவிப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது.